ஆர், என், எம்

டண்டெனோங்கில், டயர்க் கடைக்குப் பின்னால்,
உறைமீன் இறக்கும் எங்கள் கம்பனியில்
ஏழு பேர், இரண்டு வான், ஒரு குளிர் அறை.
குளிர் அறைக்கு மூன்று பூட்டு.
கேற்றுக்குச் சங்கிலி. கூரையின் கீழ் கமெரா.
றால் பெட்டி ஒன்று குறைந்தால்
கங்காதரன் அண்ணை விடியும்வரை எண்ணுவார்.

ரவுட்டர் மட்டும்
கழிவறைத் தட்டில்,
துடைப்பத்துக்கும் பழைய கலண்டர்களுக்கும் நடுவே
பச்சைக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு கிடந்தது.
பெட்டியோடு வந்த கடவுச்சொல்தான்
ஆறு வருடமாய்.

"எங்களிட்ட என்ன கிடக்குக் களவெடுக்க?
மீன்தானே, பிள்ளை.
வயருக்குள்ளால மீனை இழுக்கேலுமே?"

நானும் சிரித்தேன்.
கணக்கு எழுதுகிறவள் நான்.
எங்களிடம் என்ன கிடக்கிறதென்று
எனக்கல்லவா தெரிந்திருக்க வேண்டும்.

ஆடி மாதம். இந்த ஊரில் அது பல் கிட்டும் குளிர்.
வெள்ளி பின்னேரம் நாலு மணிக்கு
நீர்கொழும்பு சமுத்ரா நிறுவனத்தின் மடல்:
வங்கியை மாற்றிவிட்டோம்,
இம்முறை பணத்தைப் புதிய இலக்கத்துக்கு அனுப்புங்கள்.
கீழே ஒரு வரி:
மழையில் நனையாமல் வீடு போய்ச் சேருங்கள்.

அது வழக்கமாய் நான் அவர்களுக்கு எழுதும் வரி.
அன்பு திரும்பி வருகிறதென்று நினைத்தேன்.
நாற்பத்தோராயிரம் டொலர்.
அனுப்பிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு
நனையாமல் வீடு போய்ச் சேர்ந்தேன்.

மூன்று சுழி வரவேண்டிய இடத்தில் இரண்டு சுழி வந்தால்
கல்யாணக் காட்டைக்கூட அச்சகத்துக்குத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
சமுத்ராவின் நடுவே, ஆங்கிலச் சிற்றெழுத்தில்,
எம் நிற்கவேண்டிய இடத்தில்
ஆரும் என்னும்
தோளோடு தோள் ஒட்டி நின்றதைக் காணவில்லை.

புதன்கிழமை உண்மையான சமுத்ரா கேட்டது:
பணம் இன்னும் வரவில்லையே?

வங்கி எனக்கு நாற்பது நிமிடம் பியானோ வாசித்தது.
பிறகு மன்னிப்புக் கேட்டது.

பார்க்க வந்தவள் ஹிருத். நோபிள் பார்க்கில் இருக்கிறாள்,
எத்தியோப்பியக்காரி, முதுகுப்பையில் ஒரு மடிக்கணினி.
ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.
என் மடல்பெட்டிக்குள் நான் எழுதாத ஒரு விதியைக் காட்டினாள்:
வருவது எல்லாவற்றுக்கும், போவது எல்லாவற்றுக்கும்
ஒரு பிரதி வேறெங்கோ.
பதினொரு கிழமையாக.

பதினொரு கிழமை ஒருவன் என்னை வாசித்திருக்கிறான்.
எந்தக் கிழமை காசு அனுப்புவேன்,
எந்த நேரம் களைத்துப் போவேன்,
எந்தச் சொல்லில் கனிவேன் என்று
பாடமாக்கியிருக்கிறான்.
துவானின் வரி இலக்கம், பெடியளின் பாஸ்போட் பிரதிகள்,
மனைவிக்குச் சொல்லாமல் அண்ணை பார்க்கும்
இருதய டொக்டரின் திகதிகள்.
என்ன கிடக்கு களவெடுக்க என்று கேட்டாரே,
இவ்வளவும் கிடந்தன.

இரண்டாவது வான் விலைப்பட்டது.
அண்ணை என்னிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை.
ஒரு காலை தானே ஏணி வைத்து ஏறி
ரவுட்டரைத் தூசி தட்டி இறக்கி,
குழந்தையைப் போல இரு கையாலும்
அலுவலக அறைக்குள் கொண்டுபோனார்.

இப்போது உள்ளே போக
கடவுச்சொல்லுக்குப் பிறகும் போனில் ஆறு இலக்கம் வரும்.
கண்ணாடியைத் தேடியபடி தினமும் புறுபுறுக்கிறார்:
"என்ர கடைக்குள்ள போறதுக்கு
நான் ஆர் எண்டு ரெண்டுதரம் சொல்லவேணுமே?"
சொல்லவேணும் அண்ணை.

ஒவ்வொரு பில்லுக்கும் நான்
பழைய கொப்பியில் பேனையால் எழுதிய நம்பருக்கு எடுக்கிறேன்.
மடலில் வரும் நம்பருக்கு அல்ல.
"ஆர் கதைக்கிறது?" என்கிறாள் றோசலின்,
என் குரலை நன்றாகத் தெரிந்தும்.
அப்படிக் கேட்கச் சொன்னது நான்தான்.
கடைசி நாலு இலக்கத்தையும் வாசிக்கிறாள்.
அவளுக்குப் பின்னால் ஓட்டோக்கள், காகங்கள்,
யாரோ ஐஸ் உடைக்கும் சத்தம்.
கொப்பியோடு ஒத்துப் பார்க்கிறேன்.

மழை வரியை இப்போது எழுதுவதில்லை.
வைக்கும் முன் வாயால் சொல்கிறேன்.
இங்கே வெயில் கொளுத்துதடி என்று
அவள் சிரிக்கிறாள்.